மைண்ட்: மனசை ஓரமாக வைத்துவிட்டுக் கற்க வேண்டிய ஆங்கிலச் சொல்

ரயிலில் நடந்தது. பக்கத்து இருக்கையில் என் பையை வைத்திருந்தேன். ஒருவர் வந்து, "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்று கேட்டார். தாராளமாக உட்காரட்டுமே என்று பல் தெரியச் சிரித்து, "யெஸ், யெஸ்!" என்றேன். பையை எடுக்கக் கையையும் நீட்டினேன். அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார், "ஓ, சாரி" என்றார், அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். "ஆமாம், நீங்கள் உட்கார்ந்தால் எனக்குப் பிடிக்காது" என்று நான் சொல்லியிருக்கிறேன் என்பது, இறங்கவேண்டிய நிலையம் நெருங்கும்போதுதான் உறைத்தது.

மைண்ட் என்றால் மனம் என்று சின்ன வகுப்பிலேயே படித்தாயிற்று. அந்தப் பாடம்தான் என்னைக் கவிழ்த்தது. அந்தச் சொல்லோடு கொஞ்ச நாள் மல்லுக்கட்டிய பிறகு எனக்குப் பிடிபட்ட வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். முதல் படியையும் ஐந்தாம் படியையும் மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். மற்றவற்றை ஒருமுறை பார்த்தாலே போதும், பழகப் பழக வந்துவிடும்.

படி 1: மனசை விட்டு, நினைப்பைப் பிடியுங்கள்

அகராதியில் மைண்ட் என்பதற்கு நேராக மனம், உள்ளம், புத்தி என்று போட்டிருக்கும். அது தப்பில்லை. ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பேச்சுக்குள் போனால் பாதி இடங்களில் முட்டிக்கொள்வோம். "நெவர் மைண்ட்" என்பதில் மனம் எங்கே இருக்கிறது? "மைண்ட் யுவர் ஹெட்" என்று தாழ்வான வாசலில் எழுதி வைத்திருக்கிறார்களே, மனமும் தலையும் அங்கே என்ன செய்கின்றன? பிரிட்டனில் "சைல்ட்மைண்டர்" என்று ஒரு தொழிலே இருக்கிறது. அவர் குழந்தையின் மனசை ஆராய்பவர் அல்ல, பெற்றோர் வேலைக்குப் போனபின் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஏறக்குறைய "யெமுண்ட்" என்று ஒலித்தது. அதன் முதன்மையான பொருள் நினைவு. இன்றும் ஸ்காட்லாந்தில் "டூ யூ மைண்ட் ஹிம்?" என்று ஒருவர் கேட்டால், "அவரை உனக்கு ஞாபகம் இருக்கிறதா?" என்று பொருள். "ரிமைண்ட்" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மறுபடி நினைவுக்குக் கொண்டுவருவது. நம் கைப்பேசியில் இருக்கும் ரிமைண்டர் அந்தப் பழைய பொருளைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

இன்னும் ஆழத்தில், "நினைத்தல்" என்று பொருள்படும் "மென்" என்ற ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர் இருக்கிறது. வடமொழியின் மனஸ், மதி, மந்திரம், லத்தீனின் மென்ஸ், அதிலிருந்து வந்த மென்ட்டல் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. நம் மனம் என்ற சொல் வடமொழி மனஸிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. அப்படியானால் மனமும் மைண்டும் தூரத்துப் பங்காளிகள். பங்காளிகள் என்பதற்காகக் குணமும் ஒன்றாக இருக்கும் என்று யார் சொன்னது?

குணத்தில் மைண்டுக்கு நெருக்கமான தமிழ்ச் சொல் "நினை". அது எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். "ஊர் நினைவு வந்தது" என்றால் ஞாபகம். "என்ன நினைக்கிறாய்?" என்றால் கருத்து. "எப்போதும் பிள்ளை நினைப்பாகவே இருக்கிறாள்" என்றால் கவலை. "தப்பாக நினைக்காதீர்கள்" என்றால் மனத்தாங்கல். நினைவில் தொடங்கி, கவனத்துக்கும் கவலைக்கும் போய், கடைசியில் "இது எனக்குச் சரிப்படவில்லை" என்ற ஆட்சேபணை வரைக்கும் ஒரே சொல் நடக்கிறது. மைண்டும் அச்சு அசலாக இதே பாதையில்தான் நடந்திருக்கிறது. இனி எந்த வாக்கியத்தில் மைண்ட் வந்தாலும், மனம் என்று பெயர்க்காமல் "நினைப்பு" என்று போட்டுப் பாருங்கள். பத்தில் எட்டு இடங்களில் பூட்டு திறக்கும்.

படி 2: எது ஹார்ட், எது மைண்ட்

தமிழில் மனசு ஒரு கூட்டுக் குடும்ப வீடு. அன்பு, துக்கம், இரக்கம், யோசனை, ஞாபகம், முடிவு எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. ஆங்கிலத்தில் பாகப்பிரிவினை நடந்துவிட்டது. உணர்ச்சி எல்லாம் ஹார்ட்டுக்கு. யோசனை, ஞாபகம், கவனம், முடிவு எல்லாம் மைண்டுக்கு.

"அவருக்கு நல்ல மனசு" என்பதை "ஹி ஹேஸ் எ குட் மைண்ட்" என்று சொன்னால், அவருக்குக் கூர்மையான அறிவு என்று கேட்பவர் புரிந்துகொள்வார். ஊரை ஏய்ப்பவனுக்குக்கூட குட் மைண்ட் இருக்கலாம். நாம் சொல்ல நினைப்பது "எ குட் ஹார்ட்" அல்லது "எ கைண்ட் ஹார்ட்". மனசு உடைவது, மனசு இளகுவது, மனசார வாழ்த்துவது எல்லாமே ஹார்ட் பக்கம். மனசாட்சி இரண்டு பக்கமும் சேராது, அதற்குக் கான்ஷியன்ஸ் என்று தனிச்சொல் உண்டு.

கொஞ்சம் நுட்பமான இடம் ஒன்று. "மனசு விட்டுப் பேசினோம்" என்பதும் "மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார்" என்பதும் நமக்கு ஒரே மனசுதான். ஆங்கிலத்தில் முதலாவது "ஹார்ட் டு ஹார்ட்", இரண்டாவது "ஹி ஸ்பீக்ஸ் ஹிஸ் மைண்ட்". முதலில் வெளியே வருவது உணர்ச்சி, இரண்டாவதில் கருத்து. அதேபோல, "அவளிடம் சொல்ல மனசு வரவில்லை" என்றால் "ஐ டிட்ன்ட் ஹேவ் த ஹார்ட் டு டெல் ஹெர்". "மனசு வைத்தால் முடியும்" என்றால் "யூ கேன் டூ இட் இஃப் யூ புட் யுவர் மைண்ட் டு இட்". இரக்கம் ஒரு பக்கம், முனைப்பு ஒரு பக்கம்.

மனப்பாடம் மட்டும் நம்மைக் கேலி செய்கிறது. ஞாபக வேலை மைண்டுடையது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். ஆனால் மனப்பாடமாகத் தெரியும் என்பதற்கு ஆங்கிலத்தில் "பை ஹார்ட்". என்ன செய்வது, மொழி நம்மைக் கேட்டுக்கொண்டா வளர்ந்தது?

இந்தப் படியில் தவிர்க்கவேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கிறது: "மை மைண்ட் இஸ் நாட் வெல்". இன்றைக்கு மனசு சரியில்லை என்ற அர்த்தத்தில் நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எதிரில் இருப்பவருக்கு அது புத்தி பேதலித்ததுபோல் கேட்கும், பதறிவிடுவார். "ஐ ஆம் ஃபீலிங் லோ டுடே" என்றால் போதும்.

படி 3: முன்னும் பின்னும் வரும் குட்டிச் சொற்கள்

இன், ஆன், ஆஃப், அவுட் ஆஃப், டு. இந்த ஐந்தும்தான் மைண்டின் திசையைத் தீர்மானிக்கின்றன.

அடிக்கடி குழப்புவது இன், ஆன் இரண்டும். "இன் மைண்ட்" என்பது உள்ளே இருக்கும் திட்டம் அல்லது தேர்வு. வீடு தேடிப் போகிறீர்கள், தரகர் "டூ யூ ஹேவ் எனி பட்ஜெட் இன் மைண்ட்?" என்று கேட்கிறார். ஏதாவது தொகை யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று பொருள். "ஆன் மை மைண்ட்" என்பது நினைப்பின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பாரம். "ஐ ஹேவ் எ லாட் ஆன் மை மைண்ட்" என்றால் ஆயிரம் யோசனை அழுத்துகிறது என்று அர்த்தம். முகம் வாடியிருக்கும் நண்பரிடம் "வாட்ஸ் ஆன் யுவர் மைண்ட்?" என்று கேட்கலாம். ஃபேஸ்புக் தினமும் நம்மைக் கேட்பதும் அதே கேள்விதான், வாட்டத்தைப் பார்த்துக் கேட்கிறதா என்பது வேறு விஷயம். பாரத்தை இறக்குவது ஆஃப். "ஐ வாட்ச்ட் கிரிக்கெட் டு டேக் மை மைண்ட் ஆஃப் த எக்ஸாம்" என்றால், தேர்வு நினைப்பு வராமலிருக்க கிரிக்கெட் பார்த்தேன்.

"அவுட் ஆஃப் மை மைண்ட்" என்றால் நிதானம் தவறிய நிலை. உண்மையான பைத்தியத்தைவிட மிகைப்படுத்திச் சொல்லத்தான் இது அதிகம் பயன்படுகிறது. "ஐ வாஸ் அவுட் ஆஃப் மை மைண்ட் வித் வரி" என்றால் கவலையில் பைத்தியம் பிடித்ததுபோல் இருந்தது. ஆனால் "அவுட் ஆஃப் சைட், அவுட் ஆஃப் மைண்ட்" என்ற பழமொழியில் அதே சொற்கள் மறதியைக் குறிக்கின்றன. கண்ணில் படாதது நினைப்பிலும் இல்லை. நடுவில் "மை", "யுவர்" போன்ற சொல் இருந்தால் நிதானம், இல்லாவிட்டால் ஞாபகம் என்று வைத்துக்கொள்ளலாம். இது என் சொந்தக் கணக்கு. எனக்கு இதுவரை கைவிட்டதில்லை.

டு சுலபம். "கம்ஸ் டு மைண்ட்" என்றால் நினைவுக்கு வருகிறது. அவ்வளவுதான்.

படி 4: மைண்டை வைத்து என்னென்ன செய்கிறார்கள்

"மேக் அப் யுவர் மைண்ட்" என்றால் முடிவெடு. "சேஞ்ச் யுவர் மைண்ட்" என்றால் முடிவை மாற்று. இங்கே நாம் கவனமாக இருக்கவேண்டியது, தமிழில் "மனம் மாறினான்" என்றால் திருந்தினான் என்ற வாடையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் முதலில் காப்பி கேட்டுவிட்டு, அப்புறம் டீ போதும் என்று சொன்னால்கூட "ஐ சேஞ்ச்ட் மை மைண்ட்" தான். பெரிய மனமாற்றம் ஒன்றும் வேண்டாம். குணமே இளகித் திருந்தினால் அது "எ சேஞ்ச் ஆஃப் ஹார்ட்". மறுபடியும் அந்தப் பாகப்பிரிவினைதான்.

முடிவெடுக்க முடியாமல் அல்லாடினால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் "ஐ ஆம் இன் டூ மைண்ட்ஸ்", அமெரிக்காவில் பெரும்பாலும் "ஆஃப் டூ மைண்ட்ஸ்". நாமும் இரண்டு மனசாக இருக்கிறது என்கிறோமே, அதேதான். "ஐ ஹேவ் ஹாஃப் எ மைண்ட் டு..." என்றால் அரை மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அரை மனசோடு செய்தான் என்றால் நமக்கு விருப்பமில்லாமல் செய்தான் என்று பொருள். ஆங்கிலத்தில் ஹாஃப் எ மைண்ட் என்பது செய்துவிடலாமா என்று கை பரபரப்பது. "ஐ ஹேவ் ஹாஃப் எ மைண்ட் டு ரிசைன்" என்று சக ஊழியர் சொன்னால், எழுதிக் கொடுத்துவிடலாமா என்று இருக்கிறது என்று அர்த்தம். அரைகுறை ஆர்வத்துக்கு அங்கே "ஹாஃப்-ஹார்ட்டட்". அதாவது விருப்பம் பாதி என்றால் ஹார்ட், முடிவு பாதி என்றால் மைண்ட்.

மறந்துபோனதைச் சொல்ல அழகான தொடர் "இட் ஸ்லிப்ட் மை மைண்ட்". நினைப்பிலிருந்து நழுவிவிட்டது. "ஐ ஃபர்காட்" என்பதைவிட இது கொஞ்சம் மென்மை, தப்பு என்மேல் இல்லை, அதுவாகவே வழுக்கிவிட்டது என்ற பாவனை இதில் இருக்கிறது. தினசரிப் பேச்சில் நன்றாக எடுபடும். ஆனால் வாடகையை மூன்று மாதம் கொடுக்காதவர் இதைச் சொன்னால் எடுபடாது. இதற்கு எதிர்த்திசையில் "கீப் இன் மைண்ட்", "பேர் இன் மைண்ட்". இரண்டும் நினைவில் வைத்துக்கொள் என்பதே, பேர் கொஞ்சம் எழுத்து நடை. தமிழில் "மனசில் வைத்துக்கொண்டிருக்கிறான்" என்றால் பழைய பகையைச் சுமக்கிறான் என்றும் பொருள் வரும். ஆங்கிலத் தொடரில் அந்த விஷம் கிடையாது. பகைக்கு அங்கே "கிரட்ஜ்" என்று வேறு சொல்.

அடுத்து, காதுக்கு ஒன்றாகவும் பொருளில் எதிரெதிராகவும் இருக்கும் ஒரு ஜோடி. "பீஸ் ஆஃப் மைண்ட்" என்றால் மன நிம்மதி. "ஐ கேவ் ஹிம் எ பீஸ் ஆஃப் மை மைண்ட்" என்றால் அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். முதல் பீஸ் அமைதி, இரண்டாவது பீஸ் துண்டு. உச்சரிப்பில் துளி வித்தியாசம் இல்லை. எழுத்திலும் நிறையப் பேர் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். அடையாளம் என்னவென்றால், "கிவ்" வந்து, மைண்டுக்கு முன்னால் "மை" போன்ற உடைமைச் சொல்லும் வந்தால் திட்டு. நிம்மதியைக் கொடுப்பது என்றால் "இட் கிவ்ஸ் மீ பீஸ் ஆஃப் மைண்ட்", அங்கே உடைமைச் சொல்லும் இல்லை, முன்னால் "எ" என்பதும் இல்லை.

"ரீட் மை மைண்ட்" என்றால் நான் நினைத்ததையே சொல்லிவிட்டாய். "கிராஸ்ட் மை மைண்ட்" என்றால் ஒரு கணம் தோன்றி மறைந்தது. "இட்ஸ் ஆல் இன் த மைண்ட்" என்றால் எல்லாம் வெறும் பிரமை. கடைசியாகச் சொன்னதை உடம்பு முடியாதவரிடம் ஆறுதல் என்று நினைத்துச் சொல்லிவிடாதீர்கள், நீ நடிக்கிறாய் என்று சொன்னதுபோல் ஆகும்.

படி 5: நான் விழுந்த குழி

இப்போது மைண்ட் வினைச்சொல்லாக மாறுகிறது. இங்கே அதன் பொருள் "பொருட்படுத்துவது, தொந்தரவாக நினைப்பது, ஆட்சேபிப்பது".

"டூ யூ மைண்ட்?" என்பதற்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் எல்லோருக்கும் தகராறு. இதற்கு நம்மிடமே ஒரு சாவி இருக்கிறது: பரவாயில்லை. இந்தச் சொல்லை உடைத்தால் "பரவா", "இல்லை". பாரசீகத்தின் "பர்வா" என்ற சொல்லுக்குக் கவலை, பொருட்படுத்துதல் என்று பொருள். ஆக, பரவாயில்லை என்றால் எனக்கு அதுபற்றிக் கவலை இல்லை. "ஐ டோன்ட் மைண்ட்" என்பதும் அதே கட்டுமானம்தான். மைண்ட் இருக்கும் இடத்தில் பர்வா, டோன்ட் இருக்கும் இடத்தில் இல்லை. அப்படியானால் "டூ யூ மைண்ட்?" என்பது "உங்களுக்குப் பர்வா உண்டா?" என்ற கேள்வி. அனுமதி கொடுக்க நினைப்பவர் என்ன சொல்வார்? இல்லை என்பார். நாம் தினமும் சொல்லும் பரவாயில்லைக்குள்ளேயே அந்த "இல்லை" உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் யெஸ் சொல்லித் தடுக்கி விழுகிறோம்?

சரி, என்ன சொல்லலாம்? "நோ, நாட் அட் ஆல்", "ஆஃப் கோர்ஸ் நாட்", "நோ, கோ அஹெட்". மூன்றுமே "தாராளமாக". ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அவசரத்தில் "ஷூர், கோ அஹெட்" என்று சொல்வது உண்டு. குரலும் முகமும் பொருளைக் காப்பாற்றிவிடும். நம்மைப் போன்றவர்களுக்குப் பத்திரமான வழி, யெஸ், நோ இரண்டையும் விட்டுவிட்டு "ப்ளீஸ், கோ அஹெட்" என்று கையைக் காட்டுவது. குழப்பத்துக்கே இடமில்லை. அன்றைக்கு நான் பையை எடுத்து மடியில் வைத்திருந்தாலே போதும்.

மறுக்கவேண்டுமானால் "யெஸ், ஐ டூ மைண்ட்" என்று சொல்ல இலக்கணம் இடம் தருகிறது. ஆனால் முகத்தில் அறைந்ததுபோல் இருக்கும். நாகரிகமான மறுப்பு, "ஆக்சுவலி, ஐ வுட் ராதர் யூ டிட்ன்ட்". அல்லது காரணத்தைச் சொல்லுங்கள்: "சாரி, சம்ஒன் இஸ் சிட்டிங் ஹியர்".

அடுத்த சிக்கல், வேலையைச் செய்யப்போவது யார் என்பது. "வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ?" என்றால் ஜன்னலைத் திறக்கவேண்டியது நீங்கள். "வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன்ட் த விண்டோ?" என்றால் திறக்கப்போவது நான், உங்கள் சம்மதம் மட்டும் போதும். மைண்டுக்குப் பின்னால் வினைச்சொல் நேராக வந்தால் அது இங் என்று முடியவேண்டும். "வுட் யூ மைண்ட் டு ஓப்பன்" என்பது தப்பு. நம்மூர் அலுவலக மின்னஞ்சல்களில் இது சர்வ சாதாரணமாக உலவுகிறது. ஒன்றைச் செய்யாமல் இருக்கக் கேட்பதற்கு இடையில் நாட் சேருங்கள்: "வுட் யூ மைண்ட் நாட் டாக்கிங் சோ லவுட்லி?"

டூ, வுட் இரண்டுக்கும் வித்தியாசம், மரியாதையின் அளவு. வுட் ஒரு படி கூடுதல் பணிவு. இன்னொரு வித்தியாசமும் உண்டு. "டூ யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன்" என்று நிகழ்காலம், "வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன்ட்" என்று இறந்தகால வடிவம். நடக்காத செயலுக்கு ஏன் இறந்தகாலம் என்று கேட்காதீர்கள். தமிழிலும் "நான் திறந்தால் பரவாயில்லையா?" என்றுதான் கேட்கிறோம், திறந்தால் என்பதில் இருப்பதும் இறந்தகால வடிவம்தானே.

"ஐ வுட்ன்ட் மைண்ட்" என்பதை "ஐ டோன்ட் மைண்ட்" என்பதன் பணிவான வடிவம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். "ஐ வுட்ன்ட் மைண்ட் எ காஃபி" என்றால், காப்பி கிடைத்தால் நன்றாக இருக்கும். வேண்டாம் என்பதுபோல் ஒலித்து, வேண்டும் என்று சொல்கிறது. விருந்தாளி இப்படிச் சொன்னால் அடுப்பைப் பற்றவையுங்கள்.

அப்புறம் "ஐ டோன்ட் கேர்". இரண்டில் எது வேண்டும் என்று ஒருவர் கேட்கும்போது, எதுவானாலும் சரி என்ற அர்த்தத்தில் "ஐ டோன்ட் கேர்" என்று சொல்லிவிடுகிறோம். தொனி பிசகினால் அது "எக்கேடோ கெடு" என்று விழும். "ஐ டோன்ட் மைண்ட்" அதே செய்தியைச் சிரித்த முகத்தோடு சொல்கிறது.

மைண்டின் இந்தப் பொருள் பெரும்பாலும் கேள்வியிலும் எதிர்மறையிலும்தான் வரும். "ஐ மைண்ட் த நாய்ஸ்" என்று சும்மா யாரும் சொல்வதில்லை, "த நாய்ஸ் பாதர்ஸ் மீ" என்பார்கள். தமிழிலும் "எனக்குப் பரவாய் இருக்கிறது" என்று யாரும் சொல்வதில்லையே.

படி 6: பார்த்து, கவனம்

நினைப்பு கவனமாக மாறும் இடம் இது. லண்டன் பாதாள ரயிலில் "மைண்ட் த கேப்" என்ற எச்சரிக்கை 1968-இல் வந்தது. வளைந்த நடைமேடையில் நேரான ரயில்பெட்டி வந்து நின்றால் நடுவில் இடைவெளி விழும். அதில் கால் மாட்டிக்கொள்ளாமல் பார்த்து இறங்குங்கள் என்று பொருள். ஓஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகரின் குரலில் பல காலம் அது ஒலித்தது. அவர் 2007-இல் இறந்தார். எம்பாங்க்மென்ட் நிலையத்தில் மட்டும் மிஞ்சியிருந்த அந்தக் குரலைக் கேட்பதற்காகவே அவர் மனைவி அங்கே போவார். ஒருநாள் அதையும் மாற்றிவிட்டார்கள். அவர் கேட்டுக்கொண்டதன்பேரில் 2013-இல் அந்த நிலையத்துக்குப் பழைய குரலையே திரும்பக் கொண்டுவந்தார்கள். மைண்ட் என்றால் முதலில் நினைவு என்று சொன்னேன் அல்லவா, அந்த நடைமேடையில் எச்சரிக்கையும் நினைவும் ஒரே சொல்லில் ஒலிக்கின்றன.

"மைண்ட் த ஸ்டெப்", "மைண்ட் யுவர் ஹெட்" எல்லாம் இந்த வகை. அமெரிக்கர்கள் இங்கே "வாட்ச்" என்பார்கள். "மைண்ட் யுவர் லாங்வேஜ்" என்றால் வார்த்தையை அளந்து பேசு. "மைண்ட் யுவர் ஓன் பிசினஸ்" என்றால் உன் ஜோலியைப் பார். இது கடுமையானது, நெருங்கிய நண்பரிடம் வேடிக்கையாகத் தவிர வேறெங்கும் வேண்டாம். பார்த்துக்கொள்ளும் பொருளில், "குட் யூ மைண்ட் மை பேக் ஃபார் எ மினிட்?" என்றால் ஒரு நிமிடம் பையைப் பார்த்துக்கொள்கிறீர்களா.

இதன் பக்கத்து வீடுதான் மைண்ட்ஃபுல்னஸ். இன்று தியான வகுப்புகளில் புழங்கும் இந்தச் சொல்லைப் பாலி மொழியின் "சதி" என்ற சொல்லுக்கு ஈடாக 1881-இல் எடுத்தாண்டவர், இலங்கையில் அரசுப் பணியில் இருந்து பாலி கற்ற டி. டபிள்யூ. ரைஸ் டேவிட்ஸ். சதி என்பது வடமொழி ஸ்மிருதி. அதன் பொருளும் நினைவுதான். எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்கிறது.

படி 7: சில்லறைகள்

"நெவர் மைண்ட்" மூன்று முகம் கொண்டது. ஒருவர் சாரி சொன்னால், விடுங்கள், பரவாயில்லை. நீங்கள் சொன்னது அவர் காதில் விழவில்லை, மறுபடி சொல்ல அலுப்பு என்றால், சரி போகட்டும். மூன்றாவது, "ஐ காண்ட் பாய்ல் வாட்டர், நெவர் மைண்ட் குக் எ மீல்" என்பதுபோல வரும்: வெந்நீரே வைக்கத் தெரியாது, சமையலுக்கு எங்கே போவது. இரண்டாவதை அடிக்கடி சொன்னால் கேட்பவருக்கு எரிச்சல் வரும். பெரிய துக்கத்தில் இருப்பவரிடம் முதலாவதையும் சொல்லக்கூடாது, அவர் இழப்பைச் சின்னதாக்கிவிடும்.

"மைண்ட் யூ" என்பது பிரிட்டிஷ் பேச்சில் அதிகம். சொன்னதைக் கொஞ்சம் திருத்தும்போது "ஆனால் ஒன்று" என்கிறோமே, அதுதான். "டூ யூ மைண்ட்!" என்று கேள்விக்குறி இல்லாமல் குரல் உயர்ந்தால் அனுமதி கேட்கவில்லை, என் காலை மிதித்துக்கொண்டு நிற்கிறாய் என்று பொருள்.

மைண்டட் சேர்த்த சொற்களில் ஓப்பன், நேரோ, அப்சென்ட் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சிங்கிள் மைண்டட் என்பது ஒரே குறியாக இருப்பவர், பெரும்பாலும் பாராட்டு. சிம்பிள் மைண்டட் என்பது எளிமையானவர் அல்ல, மந்த புத்தி என்ற வசை. பெரியவர் ஒருவரின் எளிமையைப் புகழப்போய் இதைச் சொல்லி வைத்தால் அவ்வளவுதான்.

படி 8: நாம் எடுத்துக்கொண்டு திருப்பித் தர முடியாதவை

தமிழுக்குள் வந்த மைண்ட் தனி வாழ்க்கை வாழ்கிறது. "என்னை மைண்டே பண்ணவில்லை" என்றால் கண்டுகொள்ளவே இல்லை. இதை அப்படியே "ஹி டிட்ன்ட் மைண்ட் மீ" என்று ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால், நான் அங்கே இருந்ததில் அவருக்கு ஆட்சேபணை இல்லை என்றாகிவிடும். புகார் பாராட்டாக மாறிவிட்டது. சரியானது "ஹி இக்னோர்ட் மீ". "மைண்ட் வாய்ஸ்" நமக்கு எவ்வளவு அருமையான சொல்! ஆங்கிலேயரிடம் சொன்னால் விழிப்பார், அவர்களுக்கு அது இன்னர் வாய்ஸ். அவர்கள் நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டால் நல்லது என்பது என் கட்சி. "மைண்ட் இட்" என்று விரல் நீட்டி முடிப்பதும் நம் பக்கத்துச் சரக்கு, அங்கே "மார்க் மை வேர்ட்ஸ்" என்பார்கள். "டோன்ட் மைண்ட்" என்று மொட்டையாகச் சொல்வதும் அப்படித்தான். தப்பாக நினைக்காதீர்கள் என்பதற்கு "ஐ ஹோப் யூ டோன்ட் மைண்ட்" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி

கீழே உள்ளவற்றை வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். விடையைக் கையால் மறைத்துக்கொண்டால் நல்லது.

கதவைச் சாத்துகிறீர்களா? (வுட் யூ மைண்ட் குளோசிங் த டோர்?)

உங்களைக் கூப்பிடவேண்டும் என்பதே மறந்துவிட்டது. (இட் ஸ்லிப்ட் மை மைண்ட் டு கால் யூ.)

போகலாமா வேண்டாமா என்று இருக்கிறது. (ஐ ஆம் இன் டூ மைண்ட்ஸ் அபவுட் கோயிங்.)

அவருக்கு நல்ல மனசு, ஆனால் மனசில் பட்டதைச் சொல்லிவிடுவார். (ஹி ஹேஸ் எ குட் ஹார்ட், பட் ஹி ஸ்பீக்ஸ் ஹிஸ் மைண்ட்.)

இங்கே உட்காரலாமா என்று ஒருவர் "டூ யூ மைண்ட்" போட்டுக் கேட்கிறார். உங்கள் பக்கத்து இருக்கையில் பை இருக்கிறது. (நாட் அட் ஆல். பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளவும்.)